செத்ததாக எழுதப்பட்ட மாடுகள்

மெரிவின்னா மாட்டுக் கம்பெனியின் கணக்குப் பொறுப்பு முழுவதும் கோலீன் ட்ராஸ்க் கைக்கு வந்தபோது டவுன்ஸ்வில் அலுவலகத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். மேற்கே உள்நாட்டில், அதே கம்பெனியின் ஆர்டில்லா பண்ணையில் சமையல்காரியாக வாழ்க்கையைத் தொடங்கியவள் அவள். சிதறி மேயும் மாடுகளைப் பட்டிக்குத் திரட்டுகிறவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்ட நேரம் போக, தபால் வழியில் கணக்குப் படித்தாள். அங்கேயே நீல் ட்ராஸ்க்கைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணமாகி ஆறாவது வருடம், மாடு திரட்டப் போன ஹெலிகாப்டர் விழுந்து நீல் செத்துப்போனான்.

அதற்குப் பிறகு அவளுக்கு என்று இருந்த ஒரே உறவு கொழுந்தன் ரஸ். அண்ணன் அடக்கம் முடிந்த நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் வருவான். விறகு பிளந்து அடுக்குவான், ஒரு வார்த்தை பேசாமல் தேநீர் குடிப்பான், போய்விடுவான். பேசத் தெரியாதவனுக்கு அதுதான் பேச்சு. அவள் நகரத்து அலுவலகத்துக்கு வேலை மாறிப் போனபோது பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியவனும் அவன்தான். "கடல் தெரியுற ஜன்னல் கொடுத்திருக்கானுங்க உனக்கு. இனிமே நாங்கெல்லாம் உன் கண்ணுக்குத் தெரிவோமா, கோல்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான். பின்னாளில் அவன் ஆர்டில்லாவின் மேலாளர் ஆனான். மனைவி டான் பண்ணை வீட்டைப் பார்த்துக்கொண்டாள்.

கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. வந்தபோதே ஹேமிஷ் ஆல்டர்டனும் நிர்வாக இயக்குநராக வந்தார். குரலை உயர்த்தாத மனிதர். பண்ணையில் நாய் குட்டி போட்டால்கூடக் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்வார். வேலைக்காரர்களும் பங்கு வாங்கலாம் என்று அவர் சொன்னபோது மேற்கில் உள்ள சின்ன ஊரான வாலூ க்ரீக்கில் மதுக்கடைக்காரர் முதல் வேலி போடுகிறவன் வரை வாங்கினார்கள். ரஸ் தன் பேரில் இருந்த துண்டு நிலத்தை விற்று அந்தப் பணத்தை முழுக்கப் போட்டான். "கோல் கணக்குப் பாக்குற கம்பெனி. அப்புறம் என்ன பயம்?" என்று மதுக்கடையில் சொன்னானாம். டான் அதைப் பெருமையாகத் தொலைபேசியில் சொன்னாள்.

மாட்டுக் கம்பெனியின் கணக்கு மற்ற கம்பெனிக் கணக்கைப் போன்றதல்ல. கணக்கு வருடம் முடிகிற ஜூன் கடைசியில் மேய்ச்சலில் நிற்கிற ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு விலை போட வேண்டும். பிறந்த கன்று அத்தனையும் லாபம். செத்தது அத்தனையும் நஷ்டம். ஆனால் ஒரு சிறிய நாடு அளவுக்குக் கிடக்கும் நிலத்தில் எல்லா மாட்டையும் யாராலும் எண்ண முடியாது. பட்டிக்குள் வந்ததை எண்ணலாம். வராததை ஊகிக்கத்தான் வேண்டும். அந்த ஊகத்தில் கையெழுத்துப் போடுவது கோலீனின் வேலை.

முதல் வருடமே மழை பொய்த்துக் கன்றுகள் குறைந்தன. லாபம் இவ்வளவு வரும் என்று ஹேமிஷ் பிப்ரவரியிலேயே சந்தைக்குச் சொல்லியிருந்தார். அவர் அவளுடைய அறைக்கு வந்து ஜன்னலோரம் நின்றார்.

"பட்டிக்கு வராம வெளியில எத்தன கன்னு இருக்கும்னு போட்டிருக்கீங்க, கோலீன்?"

"ஒரு ஐநூறு."

"ஆயிரத்து நானூறு இருக்க வாய்ப்பே இல்லைன்னு சொல்வீங்களா?"

அவள் யோசித்தாள். "வாய்ப்பே இல்லைன்னு எப்படிச் சொல்றது? இருந்தாலும் இருக்கும்."

"அப்ப பொய்யில்ல. நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொன்ன லாபம் வரலைன்னா பங்கு விழும். பங்கு விழுந்தா பேங்க்காரன் எட்டிப் பார்ப்பான். மந்தையோட மதிப்பு ஒரு கோட்டுக்குக் கீழ போகக் கூடாதுன்னு கடன் பத்திரத்துல இருக்கு. போச்சுன்னா ஒரு பண்ணைய வித்துக் கடனைக் கட்டச் சொல்வான். முதல்ல எதை விப்பாங்க? ஆர்டில்லாவைத்தான்."

ஹேமிஷின் ஊக்கத்தொகையும் அதே லாபத்தின் மேல்தான் கட்டியிருந்தது என்பது கோலீனுக்குத் தெரியும். அந்த ஊக்கத்தொகையில் ஒரு சிறு பங்கு தனக்கும் வரும் என்பதும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் மனதில் நின்றது ரஸ் குடியிருக்கும் வீடுதான். குறைந்தபட்சம் பல வருடங்கள் தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஆயிரத்து நானூறு என்று திருத்திக் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு தடவை போட்டதோடு அது முடியவில்லை. அடுத்த வருடம் அந்தக் கன்றுகள் வளர்ந்திருக்க வேண்டும், எடை கூடியிருக்க வேண்டும், அதற்கடுத்த வருடம் அவற்றில் பாதி கன்று போட்டிருக்க வேண்டும். இல்லாத மாட்டை இல்லை என்று சொன்னால் போன வருடக் கணக்கே பொய்யாகிவிடும். அதனால் அவை வளர்ந்தன, கன்றும் போட்டன. இரண்டாம் வருடம் ஹேமிஷ் அவள் அறைக்கு வரக்கூட இல்லை. என்ன வேண்டும் என்பது அவளுக்கே தெரிந்துவிட்டது.

பிரிஸ்பேனிலிருந்து ஆடிட்டர்கள் வருவார்கள். அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியை ஹேமிஷ்தான் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார். பட்டியில் நின்றது கணக்கோடு ஒத்துப்போகும். பல வருடங்களாக அதே ஆட்கள்தான். வரி ஆலோசனைக்கும் அவர்களுக்கே பணம் போனது. தலைமை ஆடிட்டரும் ஹேமிஷும் சேர்ந்து வடக்கே பாராமுண்டி மீன் பிடிக்கப் போவார்கள். இயக்குநர் குழுவில் கேள்வி கேட்கக்கூடிய ஒரு பெண்மணி இருந்தார். அவர் ராஜினாமா செய்த பிறகு அந்த இடத்துக்கு ஹேமிஷின் பள்ளித் தோழர் வந்தார்.

மூன்றாம் வருடம் வறட்சி முற்றியது. ஆர்டில்லாவில் மாடுகள் காய்ந்துபோன குட்டைச் சேற்றில் சிக்கிச் செத்தன. ரஸ் மாதாமாதம் சாவுக் கணக்கு அனுப்பினான். கோலீன் அதை நிறுத்தி வைத்தாள். அவன் ஒரு நாள் கூப்பிட்டான்.

"கோல், போன தடவை நான் அனுப்பின சாவு எதுவும் கழிபடல போலிருக்கே. நீங்க அனுப்புன தாள்ல என் மந்தை பழையபடியே கொழுத்து நிக்குது."

"ஜூன் தாண்டட்டும், ரஸ். மொத்தமா கழிச்சுக்கலாம்."

"செத்தது செத்ததுதானே? ஜூன் வரைக்கும் என்ன, பிணத்தைக் காவல் காக்கணுமா?"

"கணக்கு வேற விதம். உனக்குச் சொன்னாப் புரியாது."

அவன் சிரித்தான். "அதுவும் சரிதான். நீ சொன்னா சரி." அவளுடைய வார்த்தைக்கு மேல் அவன் எப்போதும் கேள்வி கேட்டதில்லை.

பிறகு ஒரு பிப்ரவரியில் மழை வந்தது. முதல் இரண்டு நாள் வாலூ க்ரீக்கில் ஆட்கள் மழையில் நின்று ஆடினார்கள். மழை நிற்கவில்லை. அதோடு குளிர்ந்த காற்றும் சேர்ந்துகொண்டது. வறட்சியில் எலும்பும் தோலுமாக நின்ற மாடுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. வெள்ளம் அடித்துப் போகாதவை குளிரில் நின்ற இடத்திலேயே விழுந்தன. தண்ணீர் வடிந்தபோது வேலி நெடுகத் துணி உலர்த்தியதைப் போல மாடுகள் தொங்கின. சேற்றில் கழுத்துவரை புதைந்து உயிரோடு கிடந்தவற்றை ரஸ் ஹெலிகாப்டரில் போய்ப் போய்ச் சுட்டான். துப்பாக்கி உதைத்து உதைத்துத் தோள் கன்றிப்போனது. தோளை மாற்றிக்கொண்டு சுட்டான்.

பாதை திறந்ததும் ஹேமிஷும் கோலீனும் சிறு விமானத்தில் போய் இறங்கினார்கள். நாற்றம் வண்டிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ரஸ் தாடியும் சேறுமாக நின்றான். கோலீன் அவனைத் தொட்டபோது மரக்கட்டையைத் தொட்டது போலிருந்தது.

ஹேமிஷ் கேட்டார், "எவ்வளவு போயிருக்கும், ரஸ்?"

"நாலாயிரம். கொஞ்சம் முன்ன பின்ன. கிழக்கு மேட்டுக்கு ஒரு பெரிய கூட்டத்தை முன்னமே ஓட்டிட்டேன். அதெல்லாம் தப்பிச்சுது."

"நல்ல வேலை செஞ்சிருக்கீங்க," என்று ஹேமிஷ் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திரும்பி வரும்போது விமானத்தில் அவர் ஜன்னலுக்கு வெளியே பழுப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பதினோராயிரம்."

கோலீனுக்கு உடனே புரிந்தது. உண்மையில் செத்தது நாலாயிரம். மூன்று வருடங்களாகக் காகிதத்தில் மட்டும் மேய்ந்துகொண்டிருந்த மாடுகளும், அவள் கழிக்காமல் வைத்த வறட்சிச் சாவும் சேர்ந்து ஐயாயிரம். அவ்வளவையும் இந்த வெள்ளத்தில் தள்ளிவிடலாம். இனி ஆடிட்டருக்கும் பயப்பட வேண்டாம், பேங்க்குக்கும் பயப்பட வேண்டாம். வெள்ளத்தில் நொந்தவன் கழுத்தை எந்த பேங்க் பிடிக்கும்?

"ஒன்பதாயிரம்தானே வருது?" என்றாள்.

"உயிரோட நிக்கிறதுல ஒரு ரெண்டாயிரத்தையும் செத்ததோட சேர்த்துக்குங்க. இப்ப எவ்வளவு விழுந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டாங்க. அடுத்த வருஷம் அந்த ரெண்டாயிரம் 'கிடைச்சா' அத்தனையும் லாபம்னு எழுதலாம்."

கோலீன் அந்த வாரமே கையெழுத்துப் போட்டுக்கொடுத்தாள்.

பதினோராயிரம் மாடுகள் என்ற செய்தி நாடு முழுவதும் போனது. ஹேமிஷ் தொலைக்காட்சியில் கண் கலங்கினார். தெற்கே விக்டோரியாவிலிருந்து விவசாயிகள் லாரி லாரியாக வைக்கோல் ஏற்றிக்கொண்டு நாலு நாள் ஓட்டி வந்து ஆர்டில்லாவில் இறக்கினார்கள். பங்கு ஒரு வாரம் விழுந்து பிறகு நிமிர்ந்துகொண்டது.

நிமிராமல் போனது ரஸ்தான். பக்கத்துப் பண்ணைகளில் அதே மழை, அதே ஆறு. அங்கெல்லாம் செத்தது ஆர்டில்லாவில் செத்ததாகச் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியானால் ஆர்டில்லாவில் மட்டும் ஏன்? மேலாளர் தூங்கிக்கொண்டிருந்தானா? விலங்கு நல அமைப்புக்காரர்கள் கடிதம் எழுதினார்கள். பத்திரிகைக்காரி ஒருத்தி வீட்டு வாசலில் வந்து நின்றாள். வாலூ க்ரீக் குதிரைப் பந்தயத்தன்று மதுக் கூடாரத்தில் ஒருவன் எல்லாரும் கேட்கச் சொன்னான். "ரஸ்ஸுகிட்ட நாயை விட்டுட்டுப் போறதுன்னா மொதல்ல அதுக்கு நீந்தக் கத்துக்கொடுத்துட்டு விடுங்கப்பா." கூடாரமே சிரித்தது. ரஸ் கோப்பையை வைத்துவிட்டு வெளியே நடந்தான்.

அன்று சாயங்காலம் அவன் கோலீனைக் கூப்பிட்டான்.

"பதினோராயிரம்னு யாரு எண்ணினது?"

"மேல இருந்து பார்த்த மதிப்பீடு, ரஸ்."

"மேல இருந்து பார்த்தது நான். நான் நாலாயிரம்னு சொன்னேன். நீயும் அங்கதான் நின்ன."

அவள் மேசைமேல் இருந்த தாளைத் திருப்பி வைத்தாள்.

"கிழக்கு மேட்டுல நீங்க செத்துப்போச்சுன்னு சொன்ன மாடு என் கண்ணு முன்னால புல்லு தின்னுக்கிட்டு நிக்குது, கோல். அந்த விக்டோரியாக்காரங்க வைக்கோல் கொண்டு வந்து இறக்கினாங்களே, நான் அவங்க கையப் புடிச்சிக்கிட்டு அழுதேன். எந்த மாட்டுக்காக அழுதேன்? நீதான் போட்டியா அந்தக் கணக்கை?"

"ஆமா."

"ஏன்னு சொல்லு. எனக்குப் புரியுதா புரியலையான்னு அப்புறம் பார்ப்போம். சொல்லு."

பண்ணையைக் காப்பாற்றத்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அவன் தலையிலேயே பழியைக் கட்டுவதாகிவிடும் என்று தோன்றியது. "நேர்ல வந்து சொல்றேன்," என்றாள். அவன் தொலைபேசியை வைத்துவிட்டான். அவள் நேரில் போகவில்லை. அந்த வாரம் போகவில்லை, அடுத்த வாரமும் போகவில்லை.

ஆர்டில்லாவின் நிர்வாக முறைகளை மறுபரிசீலனை செய்வதாகக் கம்பெனி அறிக்கை விட்டது. நடுவில் ஒரு வரியில் மேலாளர் விலகுகிறார் என்று இருந்தது. ரஸ் ஹேமிஷிடம் வாதாடினான், வெளியிலும் உண்மையைச் சொன்னான். வேலை போன ஆத்திரத்தில் பேசுகிறான் என்று கேட்டவர்கள் ஒதுக்கினார்கள். அவனும் டானும் ஊருக்கு வெளியே ஒரு கேரவன் வண்டி வீட்டில் குடியேறினார்கள். புதிதாக ஒரு இளைஞன் மேலாளராக வந்தான், அவன் பெயர் டைலர் ஃபின்ச்.

அடுத்த வருடம் ஆகஸ்டில் லாபம் எதிர்பார்த்ததற்கு மேல் வந்தது. பிரிஸ்பேனில் ஒரு ஹோட்டலில் விருந்து. நல்ல ஒயின், மோர்ட்டன் பே சிங்கி இறால். ஹேமிஷ் எழுந்து பேசினார். "ஒரே வருஷத்துல ஆர்டில்லா இப்படி மீண்டு வந்ததுக்கு ஒருத்தருக்கு நன்றி சொல்லணும். மந்தையை எப்படிப் பார்த்துக்கணும்னு டைலர் நமக்குக் காட்டியிருக்கார்." எல்லாரும் கைதட்டினார்கள். டைலர் நாணிச் சிவந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. ரஸ் மேட்டுக்கு ஓட்டிக் காப்பாற்றிய, காகிதத்தில் மட்டும் செத்திருந்த இரண்டாயிரம் மாடுகள் அந்த விருந்தில் அவன் சாதனையாகிவிட்டன.

கோலீனும் கைதட்டினாள். பிறகு தன் கைகள் தட்டிக்கொண்டிருப்பதைத் தானே பார்த்தாள். எழுந்து வெளியே போனாள். திரும்பி உள்ளே போகவில்லை. மறுநாள் காலை, பங்குச் சந்தைக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசாங்க அலுவலகத்தின் வாசலில் போய் நின்றாள். வரவேற்பில் இருந்த பெண் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். கோலீனுக்குச் சொல்லத் தெரியவில்லை. "நான் ஒரு தப்புக் கணக்கு எழுதியிருக்கேன். அதைக் கேக்குறவங்க யாரோ அவங்களை," என்றாள்.

விசாரணை வருடக்கணக்கில் இழுத்தது. ஹேமிஷின் வக்கீல்கள் ஒரே ஒரு வாதத்தைத்தான் திரும்பத் திரும்ப வைத்தார்கள். மதிப்பீடு செய்தது கோலீன் ட்ராஸ்க், கையெழுத்து கோலீன் ட்ராஸ்க்குடையது, நிர்வாக இயக்குநர் அவளை நம்பினார், அவ்வளவுதான். அவர் சொன்னதெல்லாம் வாய்ச்சொல், எழுத்தில் எதுவும் இல்லை. கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே ஒரு தொகை கட்டிவிட்டு அவர் சன்ஷைன் கோஸ்ட்டில் வீடு வாங்கிப் போனார். ஆடிட்டர் கம்பெனிக்கு ஒரு கண்டனம். கோலீனுக்கு அபராதமும், இனி எந்தக் கம்பெனியிலும் பொறுப்பு வகிக்கக் கூடாது என்ற தடையும் வந்தன. வீட்டை விற்று அபராதத்தைக் கட்டினாள்.

பொய்க் கணக்கு வெளிவந்ததும் பேங்க் கடனைத் திருப்பிக் கேட்டது, மெரிவின்னா திவாலானது. எந்த ஆர்டில்லாவுக்காகக் கையெழுத்துப் போட்டதாகச் சொல்லிக்கொண்டாளோ, அதை வெளிநாட்டு நிதி நிறுவனம் ஒன்று வாங்கிப் பண்ணை வீட்டைப் பூட்டிவிட்டது. வாலூ க்ரீக்கில் பங்கு வாங்கியவர்கள் எல்லாருடைய பணமும் போயிற்று. வெள்ளச் சாவு நாலாயிரம்தான் என்று திருத்தி வந்த அறிக்கையை அந்த ஊரில் யாரும் படிக்கவில்லை.

அதனால் கோலீன் தானே போனாள். கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும் பங்கு வாங்கியவர்களுக்கும் ஊர் மண்டபத்தில் கூட்டம் என்று கேள்விப்பட்டு, ஐந்தாறு மணி நேரம் வண்டி ஓட்டிப் போனாள். திவால் நிர்வாகி பேசி முடித்ததும் எழுந்து நின்றாள்.

"எல்லாருக்கும் என்னைத் தெரியும். வெள்ளத்துல ரஸ் பதினோராயிரம் மாட்டைச் சாக விட்டுட்டான்னு நீங்க பேசினீங்க. அது பொய். செத்தது நாலாயிரம். மேட்டுக்கு ஓட்டி இன்னும் பல ஆயிரத்தைக் காப்பாத்தினான். மிச்சத்தை நான் எழுதினேன். எழுதினப்ப அவனுக்குத் தெரியாது."

பின்வரிசையிலிருந்து மதுக்கடைக்காரர் கத்தினார். "எங்க பணத்தைப் பத்திச் சொல்லு! செத்த மாட்டைப் பத்தி எவனுக்கு வேணும்?"

"ஏம்மா, இதைச் சொல்ல உனக்கு இத்தனை வருஷம் புடிச்சுதா?" என்றாள் ஒரு கிழவி. இன்னொருவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியேறினான். பந்தயக் கூடாரத்தில் நாய் ஜோக் அடித்தவன் குனிந்து தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரஸ் வரவில்லை. டான் சுவரோரம் நின்றிருந்தாள். கூட்டம் கலைந்ததும் வண்டியருகே வந்தாள்.

"அவனுக்குச் சொல்வியா, டான்?" என்று கோலீன் கேட்டாள்.

"சொல்றேன். ஆனா அவன் அன்னிக்குப் போன்ல உன்கிட்ட கேட்டது இதை இல்லை. ஏன்னு கேட்டான். அதை நீ இப்பவும் சொல்லலை."

கோலீன் பதில் தேடினாள். பண்ணை என்றாள், பேங்க் என்றாள், ஹேமிஷ் என்றாள். சொல்லச் சொல்ல எல்லாம் உண்மையாகவும் இருந்தது, எதுவும் போதாமலும் இருந்தது. கடைசியில், "எல்லாரும் என்னை நம்பினாங்க. முடியலைன்னு சொல்லத் தெரியலை," என்றாள்.

டான் தலையை ஆட்டினாள். சரி என்பதற்கா, அவ்வளவுதானா என்பதற்கா, சொல்ல முடியாது. தன் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

கோலீன் இப்போது ஹ்யூஎண்டனுக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்க் உணவகத்தில் சமைக்கிறாள். லாரிக்காரர்களுக்கு முட்டையும் பேக்கனும், மத்தியானத்துக்கு ஸ்டேக்கும் கிரேவியும். தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டாயே என்று ஒருவர் கேலி செய்தார். இல்லை என்றாள் அவள். தொடங்கியபோது நீல் இருந்தான், ரஸ் இருந்தான்.

ரஸ் எல்லை தாண்டி நார்தர்ன் டெரிட்டரியில் சாலை சமன் செய்யும் இயந்திரம் ஓட்டுவதாகக் கேள்வி. பெயரில் இருந்த கறை துடைக்கப்பட்ட பிறகும் அவனிடம் மந்தையை ஒப்படைக்க யாரும் முன்வரவில்லை. ஒரு குளிர்காலத்தில் டான் அந்த உணவகத்தில் வண்டியை நிறுத்தினாள். சுட்ட சாண்ட்விச்சும் தேநீரும் கேட்டாள். கோலீன் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எப்படியிருக்கான்?"

"முட்டி வலி. இயந்திரம் குலுக்குது. மத்தபடி இருக்கான்."

"என்னைப் பத்தி..."

"இல்ல, கோல். பேசுறதில்லை." டான் சாண்ட்விச்சை முழுவதும் சாப்பிட்டு முடித்தாள். கோலீன் காசு வேண்டாம் என்றாள். டான் விலைப் பலகையைப் பார்த்து, சரியான தொகையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.